47 வயது, முடக்குவாதம்: எனக்கு முன்னதாகவே தடுப்பூசி கிடைப்பது மனதை உறுத்துகிறது

வைகைக்கரை | 14 மார்ச் 2021

வணக்கம். வயது 47, முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) இருக்கிறது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு 15 மி.கி. (ஞாயிற்றுக்கிழமை), ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசோலோன் தினமும் 10 மி.கி. எடுக்கிறேன். மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களோடு, 45 முதல் 59 வரை உள்ள இணைநோயாளிகளுக்கும் கொரோனா தடுப்பூசி போடுகிறார்கள். அரசின் 20 நோய்ப் பட்டியலில் "ஸ்டீராய்டு மாத்திரை அல்லது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தை நீண்ட காலமாக எடுப்பவர்கள்" என்று ஒரு வரி உண்டு. அதன்படி எனக்குத் தகுதி இருக்கிறது.

ஆனால் போய் நிற்கத் தயக்கமாக இருக்கிறது. நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன். அண்ணனுக்கு 52 வயது, காய்கறிக் கடை. காலை முதல் இரவு வரை ஆட்கள் வந்துபோகும் இடம். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இல்லை. பட்டியலில் வரமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு 50, எந்த நோயும் இல்லை. என்னைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. "இவளுக்கு எப்படி அதற்குள் கிடைத்தது" என்று பேசுவார்கள்.

நான் தள்ளிப்போட்டால் அந்த ஊசி அண்ணனைப் போன்ற ஒருவருக்குப் போய்ச் சேருமா? என் நோய்க்கு உண்மையிலேயே இந்த முன்னுரிமை அவசியம்தானா? சான்றிதழை யாரெல்லாம் பார்ப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

முடக்குவாத_மருத்துவர் | 14 மார்ச் 2021

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

அவசியம்தான். பிரெட்னிசோலோன் 10 மி.கி. அல்லது அதற்கு மேல் தினமும் எடுக்கும் மூட்டுநோயாளிகள் கொரோனா வந்தால் மருத்துவமனையில் சேரவேண்டி வருவது அதிகம் என்பது, பல நாடுகளின் மூட்டுநோய் மருத்துவர்கள் சேர்ந்து தொகுத்த பதிவேட்டிலிருந்து 2020-லேயே தெரிந்த விஷயம். நீங்கள் சரியாக அந்த அளவில் இருக்கிறீர்கள். வெளியில் நலமாகத் தெரிவதே இந்த மருந்துகளால்தான்; எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தி வைத்திருப்பதும் அதே மருந்துகள்தான்.

அண்ணனுக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம், உங்களுக்குத் தொற்றினால் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். இப்போதைய வரிசை பெரும்பாலும் இரண்டாவதை வைத்துப் போடப்பட்டது. படுக்கையும் ஆக்சிஜனும் யாருக்கு அதிகம் தேவைப்படுமோ அவர்களை முதலில் காப்பது என்பதுதான் கணக்கு. காய்கறி விற்பவர்களை முன்களப் பணியாளராகச் சேர்த்திருக்கலாம் என்ற வாதத்தில் எனக்கும் உடன்பாடு உண்டு. அதற்காக உங்கள் பெயர் பட்டியலில் இருப்பது தவறாகிவிடாது.

அண்ணன் விஷயத்தில் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். பட்டியலில் உள்ள நிபந்தனை: சர்க்கரை நோய் வந்து 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், *அல்லது* அதனால் பக்கவிளைவுகள் ஏற்பட்டிருக்க வேண்டும், *கூடவே* ரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சையில் இருக்க வேண்டும். சர்க்கரை மட்டும் இருந்தால் போதாது, அழுத்தம் மட்டும் இருந்தாலும் போதாது. ஆனால் சமீபத்தில் அவருக்கு அழுத்தம் பார்த்தார்களா? சர்க்கரை உள்ள 52 வயதுக்காரர் ஊசி இல்லாவிட்டாலும் அழுத்தம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், விழித்திரை எல்லாம் வருடம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். பார்த்ததில் ஏதாவது தெரியவந்து சிகிச்சை தொடங்கினால் அப்போது தகுதியும் வரும்.

---

ஊசி_செவிலியர் | 14 மார்ச் 2021

அக்கா, நீங்க விட்டுக்கொடுக்கிற ஊசி எங்கே போகும்னு நான் சொல்றேன்.

மருந்து சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்து மாநிலக் கிடங்கிலிருந்து மண்டலக் கிடங்கு, மாவட்டம்னு இறங்கி எங்க ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜுக்கு வருது. 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே இருக்கணும். உறைஞ்சாலும் வீண், சூடேறினாலும் வீண். கோவிஷீல்டு குப்பி ஒண்ணுல 10 பேருக்கு மருந்து, ஆளுக்கு 0.5 மி.லி. திறந்ததும் குப்பி மேலே நேரத்தை எழுதிடுவோம். அதிலிருந்து 4 மணி நேரம்தான். மிச்சமிருந்தா கொட்டணும், மறுநாளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. குழந்தைகளுக்குப் போடுற சில தடுப்பூசிகளைத் திறந்த பிறகும் வச்சுக்க அனுமதி உண்டு, இதுக்குக் கிடையாது.

அதனால பெரும்பாலும் எட்டு, ஒன்பது பேர் சேராம குப்பியைத் திறக்க மாட்டோம். ஏழு பேர் வந்து உட்கார்ந்திருந்தா, அடுத்த ரெண்டு மூணு பேர் வர்ற வரைக்கும் அந்தப் பெரியவங்க காத்திருக்கணும். இல்லேன்னா ஏழு பேருக்குப் போட்டுட்டு மூணு டோஸைக் கொட்டணும். நீங்க வந்தா எட்டாவது ஆள். வராட்டி அந்த டோஸ் உங்க அண்ணனுக்குப் போகாது, ஏன்னா அவர் விவரத்தைப் போட்டா கோவின் (தடுப்பூசிக்குப் பதிவு செய்ற அரசு இணையதளம்) ஏத்துக்காது. பந்தியில இலை காலியா கிடக்கும், அவ்வளவுதான். ஒரு மையத்துக்கு ஒரு நாளைக்கு 100 பேர்னு திட்டம் போட்டாலும் இப்ப எல்லா இடத்திலேயும் அந்த அளவுக்குக் கூட்டம் வரலை. பயந்துகிட்டு வராதவங்கதான் நிறைய.

சான்றிதழைப் பத்திக் கேட்டீங்க. அரசு கொடுத்திருக்கிற ஒரு பக்கப் படிவத்துல, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் கையெழுத்துப் போடலாம். அரசு மருத்துவர்தான்னு இல்லை, உங்களுக்கு வழக்கமா பார்க்கிறவரே போதும். 20 நோயில் எதுன்னு குறிச்சு, அவருடைய பதிவு எண், தேதி, முத்திரை இருக்கணும். பதிவு எண் விட்டுப்போய்த் திரும்பிப் போறவங்களை அடிக்கடி பார்க்கிறோம், அங்கேயே சரிபார்த்து வாங்கிக்குங்க. கோவின்ல பதிவு செய்யும்போதே ஏத்தலாம், இல்லே காகிதமா கையில கொண்டு வரலாம். ரெண்டையும் செய்றது நல்லது.

பார்க்கிறது பதிவைச் சரிபார்க்கிற ஊழியர் மட்டும். அடையாள அட்டை ஒரு இடத்துல, கோவின் பதிவு அடுத்த இடத்துல, அப்புறம் ஊசி, அப்புறம் 30 நிமிஷம் உட்காரணும். பின்னாடி வர்ற தடுப்பூசிச் சான்றிதழ்ல பேரு, வயசு, அடையாள அட்டை விவரம், ஊசி பேரு, தேதி, இடம்தான் இருக்கும். என்ன நோய்னு ஒரு எழுத்து இருக்காது. பக்கத்து வீட்ல கேட்டா "டாக்டர் போட்டுக்கச் சொன்னார்"னு சொல்லுங்க, அதுக்கு மேல யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

---

வைகைக்கரை | 14 மார்ச் 2021

இருவருக்கும் மிக்க நன்றி. டோஸ் அண்ணனுக்குப் போகாது என்பது இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது.

டாக்டர், இந்த மாத்திரைகளோடு ஊசி வேலை செய்யுமா? எந்த ஊசி, மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று சொன்னால் என் மருத்துவரிடம் கேட்க உதவியாக இருக்கும். வரும் வியாழக்கிழமை இடம் இருக்கிறது.

---

முடக்குவாத_மருத்துவர் | 15 மார்ச் 2021

பிரெட்னிசோலோனை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி அதைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தடுப்பூசிக்காக ஸ்டீராய்டை விட்டுவிட்டு வரும் நோயாளிகள்தான் எனக்குப் பெரிய கவலை.

மெத்தோட்ரெக்சேட் வேறு கதை. இது தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினையைக் குறைக்கும் என்பது ஃப்ளூ ஊசியில் ஏற்கெனவே பார்த்தது. மூட்டுநோய் கட்டுக்குள் இருந்தால், ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் ஒரு வாரம் அதை நிறுத்திவைக்கலாம் என்று அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பு (American College of Rheumatology) பிப்ரவரியில் வழிகாட்டியது. அங்குள்ள ஊசிகளை வைத்து எழுதப்பட்டது என்றாலும், நம் ஊசிக்கும் அதே தர்க்கம் பொருந்தும். உங்கள் கணக்கில் வியாழன் 18-ஆம் தேதி ஊசி என்றால் 21 ஞாயிறு மாத்திரையை விட்டுவிட்டு 28 ஞாயிறு தொடர்வது. மெத்தோட்ரெக்சேட்டோடு எடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை எப்போதும்போல. ஆனால் இப்போது மூட்டு வீங்கியிருந்தாலோ, காலையில் விறைப்பு கூடியிருந்தாலோ நிறுத்த வேண்டாம். நோய் கிளர்ந்தால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டி வரும், அது இன்னும் மோசம். உங்கள் மருத்துவர் ஒரு முறை மூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும்.

இதைப் படிக்கும் வேறு யாராவது மூட்டுநோய்க்கு ரிட்டுக்ஸிமாப் என்ற எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்தை ஏற்றிக்கொள்பவராக இருந்தால், அவர்களுக்கு நாள் கணக்கு மிக முக்கியம். அடுத்த சுற்றுக்குச் சுமார் 4 வாரம் முன்பு தடுப்பூசித் தொடரைத் தொடங்கும்படி மருத்துவரோடு திட்டமிடுங்கள். ஏற்றிய கையோடு போட்டால் எதிர்ப்புப் பொருள் உருவாவதே அரிது.

எந்த ஊசி? கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் பெருகக்கூடிய உயிருள்ள கிருமி கிடையாது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு ஊசியாலேயே கொரோனா வந்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் கோவாக்சினுக்கு அதன் நிறுவனம் ஜனவரியில் வெளியிட்ட தகவல் தாளில், எதிர்ப்பாற்றலைப் பாதிக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அது உகந்ததல்ல என்று இருக்கிறது. எனவே நீங்கள் பதியும் மையத்தில் கோவிஷீல்டுதானா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். அரசு மையத்தில் இலவசம். தனியார் மருத்துவமனையில் டோஸுக்கு 250 ரூபாய் வரை.

காய்ச்சல் வரும் முன்பே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளாதீர்கள். வந்த பிறகு போடலாம். முதல் இரண்டு நாள் மூட்டுவலியும் சேர்ந்து வரலாம், அதை நோய் கிளர்ந்ததாக எண்ணிப் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு நாள் தாண்டியும் வீக்கம் இருந்தால் காட்டுங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு ஊசி முழுப் பலன் தராமல் போகலாம். முகக்கவசம் தொடர வேண்டும். கணவரும் அண்ணனும் போட்டுக்கொள்ளும் நாளில் உங்கள் பாதுகாப்பும் கூடும்.

---

பில்லிங்_கவுன்ட்டர் | 16 மார்ச் 2021

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். வயது 26, தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலை. சுகாதாரப் பணியாளர் பட்டியலில் ஜனவரியிலேயே பெயர் அனுப்பிவிட்டார்கள், நான் போகவில்லை. நோயாளியைத் தொடும் வேலை இல்லை. வீட்டில் அப்பாவுக்கு 57, அம்மாவுக்கு 53, இருவருக்கும் தகுதி இல்லை. அவர்களுக்கு முன்னால் நான் போட்டுக்கொள்வது சரியாகப் படவில்லை. சான்றிதழ் "ஏற்பாடு செய்து" அப்பாவுக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது பரவாயில்லையா?

---

பொதுசுகாதாரம் | 16 மார்ச் 2021

தம்பி, இரண்டாவதை முதலில் சொல்கிறேன்: வேண்டாம். இல்லாத நோய்க்குச் சான்றிதழ் வாங்குவதுதான் உண்மையில் வரிசையைத் தாண்டுவது. கையெழுத்துப் போடும் மருத்துவரின் பதிவுக்கே ஆபத்து. அதைவிட, இப்படிப் பொய்ச் சான்றிதழ்கள் புழங்கத் தொடங்கினால் மையத்தில் உள்ளவர்கள் எல்லாரையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். வைகைக்கரை அவர்களைப்போல நோய் வெளியே தெரியாதவர்கள்தான் அங்கே நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

உங்கள் ஊசி விஷயம் வேறு. ஜனவரி 16-ல் தொடங்கியபோதே "சுகாதாரப் பணியாளர்" என்பதில் மருத்துவர், செவிலியரோடு துப்புரவுப் பணியாளர், காவலாளி, அலுவலகப் பணியாளர் எல்லாரும் அடக்கம். இதில் காரணம் இருக்கிறது. பில் கவுன்ட்டருக்கு வராமல் எந்த நோயாளியின் குடும்பமும் வீடு திரும்புவதில்லை. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கூண்டு, கைமாறும் பணம், கோப்பு, குனிந்து பேசும் முகங்கள். உங்களுக்குத் தொற்றினால் அடுத்து டயாலிசிஸுக்கு வந்தவரின் மகனுக்கு, அங்கிருந்து அந்த நோயாளிக்குப் போகும். நான்கு பேர் ஒரே நேரத்தில் தனிமைப்படுத்தப்பட்டால் டிஸ்சார்ஜ் தாமதமாகி, படுக்கை காலியாகாது. தொடும் வேலை இல்லை என்று நீங்கள் நினைப்பது சரியல்ல.

உங்கள் பெயருக்கு நிறுவனம் கொடுத்த எண்ணிக்கையில் டோஸ் ஏற்கெனவே கணக்கிடப்பட்டுவிட்டது. பணியாளர் அடையாள அட்டையும் பதிவில் கொடுத்த அதே கைபேசி எண்ணும் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் மனிதவளப் பிரிவில் பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. விடுபட்டவர்களுக்கு இந்தக் கதவு எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

இருவருக்கும் பொதுவாக ஒன்று. மனது உறுத்தினால், அதை வேலையாக மாற்ற இப்போது நிறையவே இடம் இருக்கிறது. 60 தாண்டிய எத்தனையோ பேர் தகுதி இருந்தும் போகாமல் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சான்றிதழே வேண்டாம், ஆதாரோ வாக்காளர் அட்டையோ போதும். தடையாக இருப்பது கைபேசியும் ஓ.டி.பி.யும்தான். கோவினில் ஒரு எண்ணில் 4 பேர் வரை பதியலாம். உங்கள் எண்ணில் நீங்கள் ஒருவர், மீதி மூன்று இடங்கள் இருக்கின்றன. தெருவில் இஸ்திரி போடுபவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, தனியாக இருக்கும் மாடி வீட்டுத் தாத்தா என்று கேட்டுப் பாருங்கள். பதியும்போது அட்டையில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள், பிறந்த ஆண்டையும் அட்டையில் உள்ளபடியே. போகும்போது அதே அட்டைதான் வேண்டும். ஆதாரில் பதிந்துவிட்டு வாக்காளர் அட்டையோடு போனால் அலைச்சல். வயது கணக்கிடுவது 2022 ஜனவரி 1-ஐ வைத்து. இப்போது 59 நடப்பவருக்கு இந்த ஆண்டுக்குள் 60 நிறைந்தால் அவரும் முதியோர் பிரிவில் வந்துவிடுவார். இது தெரியாமல் வீட்டில் இருப்பவர்கள் உண்டு.

அழைத்துப் போகும்போது அவர்கள் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவராக இருந்தால் செவிலியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

---

வைகைக்கரை | 24 மார்ச் 2021

18-ஆம் தேதி கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். மெத்தோட்ரெக்சேட்டை ஒரு வாரம் விடலாம் என்று என் மருத்துவரும் சொன்னார்.

இரண்டாம் டோஸுக்கு ஏப்ரல் 15 என்று கோவினில் தானாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் இடைவெளியை மாற்றிவிட்டதாக நேற்றிலிருந்து செய்தி. எந்தத் தேதியில் போக வேண்டும்? ஏப்ரல் 1 முதல் 45 தாண்டிய எல்லாருக்கும் என்பதும் உறுதியா?

---

ஊசி_செவிலியர் | 24 மார்ச் 2021

ரெண்டும் உறுதிதான் அக்கா. 22-ஆம் தேதி வந்த கடிதப்படி கோவிஷீல்டுக்கு 4 முதல் 8 வாரத்துக்குள்ள போடலாம், 6 முதல் 8 வாரம்னா இன்னும் நல்லது. கோவாக்சினுக்கு இந்த மாற்றம் கிடையாது, அதைப் போட்டவங்க பழைய கணக்கிலேயே வரணும். உங்களுக்கு 6 வாரம் ஏப்ரல் 29, 8 வாரம் மே 13. அந்த ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு நாளைப் பிடிச்சுக்குங்க, மே 13-ஐத் தாண்ட விடாதீங்க. கோவின்ல உள்ளே போய் ரெண்டாவது டோஸ் தேதியை மட்டும் மாத்துங்க. புதுசா இன்னொரு பதிவு போட்டுடாதீங்க. அப்படிப் போட்டா ரெண்டும் முதல் டோஸ்னு பதிவாகி, கடைசிச் சான்றிதழ் வராம அல்லாடணும்.

ஏப்ரல் 1-லிருந்து 1977 ஜனவரி 1-க்கு முன்னாடி பிறந்த எல்லாருக்கும், நோய்ச் சான்றிதழே தேவையில்லை. அண்ணன், உங்க வீட்டுக்காரர், பில்லிங் தம்பியோட அப்பா அம்மா எல்லாரும் இதுல வந்துடுறாங்க. அண்ணனைச் சாப்பிட்டுட்டு, சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல போட்டுட்டே வரச் சொல்லுங்க. வெறும் வயித்துல வந்து மயங்குறவங்களும் உண்டு. மறுநாள் கை வலி, காய்ச்சல் இருக்கலாம், மூட்டை தூக்குற வேலைன்னா கடைக்கு ஆள் பார்த்து வச்சுட்டு வரட்டும்.

---

முடக்குவாத_மருத்துவர் | 24 மார்ச் 2021

தள்ளிப்போட்டால் பலன் குறையுமோ என்று யோசிக்க வேண்டாம். பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆக்ஸ்போர்டு தடுப்பூசி (இங்கே கோவிஷீல்டு) ஆய்வில், இரண்டு டோஸுக்கும் இடையே 6 வாரத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு 55 சதவீதம், 12 வாரமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு 81 சதவீதம். அதில் உங்களைப்போல ஸ்டீராய்டு எடுப்பவர்களைத் தனியாக ஆராயவில்லை. அதனால் 6 வாரம் ஆனதும் போட்டுக்கொள்வதே உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. வியாழன் 29-ஆம் தேதியே கிடைத்தால் மே 2 ஞாயிறு மெத்தோட்ரெக்சேட்டை விட்டு மே 9 தொடரலாம், அப்போதும் மூட்டு அமைதியாக இருந்தால் மட்டும்.